படர்தாமரை மருந்தும் இருதய நோயாளியும்



படர்தாமரையும் நகச்சொத்தையும் பொதுவாக உயிருக்கு ஊறு செய்பவை அல்ல. ஆயினும், இருதயம் தளர்ந்தவர் இவற்றுக்கென உட்கொள்ளும் மாத்திரை, நோயினும் பெருந்தீங்கை விளைவிக்கக்கூடும்.

இட்ராகோனசோல் என்னும் மருந்து காளான் கிருமிகளை ஒடுக்குவது. அதுவே இருதயத் தசை சுருங்கும் வலிமையையும் குறைக்க வல்லது. ஆகவே, இருதயச் செயலிழப்பு உடையோரின் நகநோய்க்கு இதனைக் கொடுத்தலாகாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-ஆம் ஆண்டில் எச்சரித்தது.

மற்றொரு தீங்கு மறைமுகமானது. பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலின் பணியை இவ்வகை மருந்துகள் தடுக்கின்றன. இட்ராகோனசோலுடன் சிம்வாஸ்டாடின் சேர்ந்தால் தசைகள் சிதையலாம். புளூகோனசோலுடன் வார்பாரின் சேர்ந்தால் இரத்தப்போக்கு நேரலாம்.

இவ்வெச்சரிக்கைகள் மருந்துப் பெட்டியினுள் பொடியெழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், மடிந்து கிடக்கின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது பெருங்குறையாகவே தோன்றுகிறது. உண்பவர் அறியாத எச்சரிக்கையால் யாது பயன்?

அதற்காகச் சிகிச்சையைக் கைவிட வேண்டுவதில்லை. சிறிய அளவில் தோன்றும் படர்தாமரைக்குப் பெரும்பாலும் மேற்பூச்சுக் களிம்பே போதுமானது. தோல் மருத்துவரைக் காணச் செல்வோர் இருதய மருந்துச் சீட்டையும் உடன் கொண்டு செல்க. மாத்திரை உண்ணும் நாட்களில் மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ கண்டால், தாமதியாது மருத்துவரிடம் கூறுக.