அடுக்கும் அடிமானமும்
(திருப்பத்தூரில் மாணவர்க்கு ஆற்றிய உரை)



இரண்டின் அடுக்கு மூன்று எத்துணை என வினவின், ஆறு எனச் சட்டென விடையிறுக்கும் மாணாக்கர் பலர். இரண்டை மூன்றாற் பெருக்கினால் ஆறு. இரண்டை மூன்று முறை எழுதித் தம்முள் பெருக்கினாலோ எட்டு. கீழே நிற்கும் எண் அடிமானம். தலைமேல் நிற்கும் சிற்றெண் அடுக்கு. பெருகுவது அடிமானம், அஃது எத்தனை முறை வருகிறது என்று காட்டுவது அடுக்கு. இவ்வேறுபாடு உளத்தில் நிலைபெறின், அடுக்கு நெறிகளை நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை.

தமிழரின் பழைய முகத்தலளவையை நோக்குக. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. நாழியை அலகாகக் கொண்டால் குறுணி 2³, பதக்கு 2⁴, தூணி 2⁵.

தூணி நெல்லைக் குறுணியால் அளந்தால் எத்தனை முறை? 2⁵ ÷ 2³. ஐந்து இரண்டுகளில் மூன்று நீங்க, எஞ்சுவன இரண்டு. விடை 2², அஃதாவது நான்கு. வகுக்குங்கால் அடுக்குகள் கழியும். நான்கு குறுணி சேரின் 2² × 2³ = 2⁵; மீண்டும் தூணி. பெருக்குங்கால் அடுக்குகள் கூடும். எட்டு நாழி கொண்ட குறுணி எட்டானால் (2³)² = 2⁶, அறுபத்து நான்கு நாழி. அடுக்கின்மேல் அடுக்கு வரின் அவை தம்முள் பெருகும். ஆனால், ஒரு குறுணியோடு நான்கு நாழியைக் கூட்டினால் பன்னிரு நாழியே, தூணி ஆகாது. கூட்டலுக்கு இந்நெறி பொருந்தாது.

இனித் தூணியிலிருந்து இறங்குக. அளவு பாதியாகுந்தோறும் அடுக்கில் ஒன்று குறைகிறது. நாழிக்கு வரும்போது அடுக்கு சுழி; அளவோ ஒன்று. ஆகவேதான் 2⁰ = 1. மேலும் இறங்கின் உரி அரை, 2⁻¹. உழக்கு கால், 2⁻². ஆழாக்கு அரைக்கால், 2⁻³. குறையடுக்கு காட்டுவது கடனை அன்று, பின்னத்தை. காலில் அரை அரைக்கால் என்னும் பெயரிலேயே ஒன்றும் இரண்டும் கூடி மூன்றான கணக்கு அடங்கியுள்ளது.

இஃது ஏட்டோடு முடிவதன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோல் சதுர அடியால் அளக்கப்படுகிறது. நீளமும் அகலமும் இருமடங்காயின் பரப்பு 2², நான்மடங்கு. இதனை அறியாதவன் விலையில் ஏமாறுவான்.

இதே மாவட்டத்துச் சவ்வாது மலையில், காவலூரில் உள்ள வானாய்வு நிலையம் 1986-இல் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களைக் காண்கிறது. அவற்றின் தொலைவை அளக்க உதவுவது ஒளியாண்டு. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 × 10⁵ கிலோமீட்டர் செல்லும்; ஆண்டுக்கு ஏறத்தாழ 3.15 × 10⁷ நொடி. ஐந்தும் ஏழும் கூட, 9.45 × 10¹² கிலோமீட்டர். ஏறத்தாழ ஒன்பதரை இலக்கங்கோடி!

நாழியை அளந்த நெறியே விண்ணையும் அளக்கிறது. கணக்கு வாராது என அஞ்சிக் கல்வியை விடும் பிள்ளையின் கையில் முதலில் நாழியையும் உழக்கையும் கொடுங்கள். பொருள் விளங்கினால் அச்சம் அகலும்; அச்சம் அகன்றால் கணக்கு வரும்.