தொழுவத்துத் தமிழ் ஏடேறுக!

(கள்ளக்குறிச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். மாட்டையே செல்வமாகக் கண்ட இனத்தின் மொழிக்கு மாட்டு நோயைச் சொல்லும் வலிமை இல்லை என்று எவரேனும் உரைப்பாராயின், அவர் தமிழ் உழவரின் தொழுவத்தை எட்டியும் பார்த்தவர் அல்லர்.

காலிலும் வாயிலும் கொப்புளம் காணும் நோய்க்குக் காணை என்று பெயர். தொடைத்தசை வீங்கி, அழுத்தினால் நறநறவென ஒலிக்கும் நோய் சப்பை. தொண்டை வீங்கி மூச்சுத் திணறச் செய்வது தொண்டை அடைப்பான். மாட்டைத் திடுமென வீழ்த்தி, மூக்கிலும் வாயிலும் உறையாத கருங்குருதி ஒழுகச் செய்வது அடைப்பான். இச்சொற்களை எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கித் தரவில்லை. மேய்த்தவன் கண்டான், கண்டவன் பெயரிட்டான்.

அந்த அடைப்பானைத்தான் கற்றோர் 'ஆந்திராக்சு' என்கின்றனர். அஃது ஆங்கிலச் சொல்லுமன்று. கரி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். அந்நோய் மாந்தர் தோலைப் பற்றும்போது கரிபோன்ற பொருக்குத் தோன்றுதலின் அப்பெயர் பெற்றது. 1876இல் செருமானிய மருத்துவர் இராபர்ட்டு கோக்கு அதன் நுண்ணுயிரியே நோய்க்குக் கரணியம் என மெய்ப்பித்தார். 1881இல் பிரான்சு நாட்டு இலூயி பாசுத்தர் அதற்குரிய தடுப்பூசியை ஊரறிய ஆய்ந்து காட்டினார். அவர்கள் கண்ட உண்மை உலகுக்கெல்லாம் பொது. ஆயின் அதனைக் கல்வராயன் மலையில் மாடு மேய்ப்பவனிடம் கொண்டு சேர்க்கும் சொல் ஆந்திராக்சு அன்று, அடைப்பானே!

இதில் என்ன வேறுபாடு என்று கேட்பார் உளர். அடைப்பானால் மாண்ட மாட்டை அறுத்தலாகாது, தோலுரித்தலும் ஆகாது. உடலைத் திறந்து காற்றுப் பட்டதும் அந் நுண்ணுயிரி வன்கூடு பூண்டு, மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாது கிடக்கும். பின்னர் அவ்விடத்தில் மேயும் மாட்டைப் பற்றும், அறுத்தவனைப் பற்றும், உண்டவனையும் பற்றும். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாடு வீழ்ந்து கிடக்கிறது என்று கொள்ளுங்கள். அவ்வீட்டு மகன் கைப்பேசியில் 'அடைப்பான்' என்று தேடுகிறான். எச்சரிக்கையோ 'ஆந்திராக்சு' என்ற தலைப்பின்கீழ்ப் புதைந்து கிடக்கிறது. அதற்குள் கத்தி தீட்டப்பட்டு விடுகிறது. சொல் மாறினால் உயிர் போகும் இடம் இது!

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. நாமக்கல் கல்லூரி 1985இல் தோன்றியது. 1989இல் தமிழகத்தில் இத்துறைக்கெனவே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. 2021இல், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே சேலம் நெடுஞ்சாலையிலுள்ள தலைவாசலிலும் ஒரு கல்லூரி திறக்கப்பெற்றது. மகிழ்ச்சியே! ஆயினும் ஐந்தரை ஆண்டுப் படிப்பும் ஆங்கிலத்தில். தொழுவத்தில் பிறந்த பிள்ளை கல்லூரி சென்று, தன் தாய் சொன்ன நோய்ப்பெயரை மறந்து மீள்கிறான்.

இக்குறையைத் தீர்க்கக் கருவி இல்லையா? உண்டு. 1954 முதல் 1968 வரை, பெரியசாமித் தூரனைத் தலைமையாசிரியராகக் கொண்டு, பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அதனை அறிஞர் எழுதினர், நூலகம் காத்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியம் இணையத்தில் முளைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த மயூரநாதன் அதன் முன்னோடி. 2017இல் அதன் கட்டுரைகள் நூறாயிரத்தைக் கடந்தன. அங்கே எவரும் எழுதலாம், பிறர் பிழையை எவரும் திருத்தலாம், கூலி இல்லை, விலையும் இல்லை. கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர் ஒருவர் கிழமைக்கு ஒரு கட்டுரை எழுதினால், படிப்பு முடியுமுன் இருநூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் தமிழுக்குச் சேரும். தமிழில் எழுதப் புகுவோர் கற்றதை மீண்டும் தெளிவாகக் கற்பர். அது மாணவர்க்கே ஊதியம்.

தனித்தமிழ் அன்பர்க்கும் ஒன்று சொல்லுதல் கடன். அயற்சொல்லைக் கடிந்தால் மட்டும் போதாது. இருக்கும் சொல்லைத் தேடாமல் அறைக்குள் அமர்ந்து புதுச்சொல் செய்வதும் பிழையே. காணை என்னும் பெயர் இருக்க, ஆங்கிலத்தைப் பார்த்துக் 'கால்வாய் நோய்' என்று பெயர்த்தால், உழவன் தன் வாய்க்காலுக்கு நோய் வந்ததென்றன்றோ எண்ணுவான்!

இன்னொரு தடையும் உண்டு. அக் கலைக்களஞ்சியத்தில் அச்சேறிய சான்று வேண்டும். 'என் பாட்டி சொன்னாள்' என்பது அங்கே செல்லாது. ஆகலின் மாணவர் விடுமுறையில் மலையேறுக. சாமை விளைத்தும் கடுக்காய் சேர்த்தும் வாழும் மலைமக்களிடம், நோயின் பெயர், அறிகுறி, வரும் பருவம், ஊர் ஆகிய நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்க. அடைப்பானையும் தொண்டை அடைப்பானையும் ஒரே பெயரால் சுட்டுவோர் இருப்பின், இரண்டையும் பிரித்தறிந்து எழுதுக. படித்தவர் கடமை அதுவே. அப்பட்டியலைப் பேராசிரியரிடம் காட்டித் திருத்துக. கல்லூரி மலரோ தமிழ்த் திங்களிதழோ அதனை அச்சிடுக. அச்சேறியபின் அதுவே சான்றாகும்.

அச்சேறிய அறிவு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மடிவீக்கத்திற்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்துப் பூசும் மரபு மருத்துவத்தைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஆய்ந்து, அளவோடு எழுதினார். கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்னும் அவ்வளவை இந்தியப் பால்வள வாரியமே பிற மொழியினர்க்கும் பரப்பியது. எழுதப்பெற்றமையால் பிழைத்தது, எழுதப்பெறாதவை முதியோருடன் மண்ணுள் போகின்றன.

மாணவரே! அடுத்த மழைக்காலத்தில் மலையிலிருந்து ஒருவன் 'அடைப்பான்' என்று தேடும்போது, 'அறுக்காதே. மருத்துவரை அழை' என்னும் விடை தூய தமிழில் அவன் கண்முன் நிற்குமாறு எழுதுக! இன்றே எழுதுக!