வீட்டுக்கு முன்பணம் எங்கிருந்து வரும்?

(கூட்டமைப்புப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சொந்த வீடுன்னு சொன்னாலே நம்ம எல்லாருக்கும் முகம் மலருது. நாம் வங்கிக் கடனுக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை, தவணை கட்டிப் பழகியவர்கள்தான். நம்மைத் தடுப்பது கடனுக்கு முன்னாலே கையில் இருந்து எடுத்து வைக்க வேண்டிய பணம்.

நகரத்தில் 10 லட்சம் ரூபாயில் ஒரு சின்ன வீடு கிரயம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி அதிகபட்சம் நூற்றுக்குத் தொண்ணூறு, அதாவது 9 லட்சம்தான் கடன் கிடைக்கும். மீதி 1 லட்சம் நம்முடையது. முத்திரைத்தாள் 7 சதவீதம், 70,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை உள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் அதில் 1 சதவீதம் குறைவு, ஆகவே 10,000. ஆகமொத்தம் 1,80,000.

இப்போ மானியத்துக்கு வருவோம். பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0, 2024 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, நாட்டில் எங்கேயும் காரை வீடு இல்லாத குடும்பத்துக்கு, கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1,80,000!

கணக்கு சரியாப் போச்சேன்னு தோணும். அங்கேதான் சிக்கல். அந்தப் பணம் நம்ம கைக்கு வராது. கடன் வாங்கிய பிறகு, ஐந்து வருடத் தவணையாகக் கடன் கணக்கிலேயே வரவு வைப்பார்கள். நம்ம உறுப்பினர் ஒருவர், மானியம் வந்ததும் அடைச்சிடலாம்னு நம்பி 50,000 ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்கினார். மாசம் 5,000 வட்டி மட்டும். வீட்டுத் தவணையை எங்கிருந்து கட்டுவது? இதே பணம் குழுவில் ஒரு வட்டிக்கு 500 ரூபாய்தான். 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு, வாசலில் வந்து நிற்பவர் மட்டும் போகவில்லை.

இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாதது. வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால், பத்திரச் செலவையும் விலையோடு சேர்த்துக் கடனைக் கணக்கிட வங்கிக்கு அனுமதி உண்டு. அப்படிச் சேர்த்தால் நம்ம பங்கு 1,08,000 ஆகக் குறையும். மேலாளர் தானாகச் சொல்ல மாட்டார், நாமதான் கேட்கணும்.

அதனால் கூட்டமைப்பு ஒரு யோசனை வைக்கிறது. வழக்கமான சந்தாவைத் தொடாமல், வீட்டுச் சேமிப்பு என்று தனிக் கணக்கு. மாதம் 1,500 போட்டால் மூன்று வருடத்தில் 54,000. பாதி சேர்ந்தவருக்கு மீதியை உள்கடனாகக் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு குழுவும் பேசி, தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பார்க்கும் முன்னே யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பத்திர நகலோடு வந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறோம்.