ஒரு சிறு சாய்வு

கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையைக் கடந்தால் வருவது கொலன்னாவை. எண்ணெய்த் தாங்கிகளாற் பெயர் பெற்ற ஊர் அது. அத்தாங்கிகளை அறிந்தவர் பலர். அதே ஊரில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று இருப்பதை அறிந்தவர் சிலரே. இரும்பை உருக்கி வார்ப்போரும், கடைவோரும், அரம் பிடிப்போரும் வியர்வை சிந்தும் இடம் அது.

இத்தகைய பட்டறை ஒன்றிற்குத் தொழில் பயில வரும் இளைஞன் பெரிய இயந்திரங்களைத் தொடுமுன்பே கற்கும் பாடம் ஒன்று உண்டு. அறுத்தெடுத்த இரும்பின் கூர் விளிம்பை அரத்தாலே மழுக்கிவிடுதல் என்பதே அது. ஒரு துளைக்குள்ளே ஓர் ஆணி செல்ல வேண்டுமாயின், ஆணியின் முனையிலே சிறு சாய்வு இருத்தல் வேண்டும். சாய்வு இல்லாத ஆணி துளையின் வாயிலே முட்டி நிற்கும். சம்மட்டியால் அடித்தால் துளையின் விளிம்பையும் கெடுத்து, தன்னையும் கெடுத்துக்கொள்ளும். தச்சர் கழுந்தின் ஓரத்தைச் சீவிவிட்டுத்தான் துளையிற் பொருத்துவர். கொட்டாஞ்சேனைக்கு அருகே செட்டியார் தெருவிற் பொன் வேலை செய்வோர் தோட்டின் திருகாணி முனையை மழுக்கிவிடுவதும் இக்காரணம் பற்றியே. வெவ்வேறு தொழிலாயினும் உண்மை ஒன்றுதான்.

வீட்டுக் கதவிலும் இதனைக் காணலாம். இழுத்துச் சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் கதவின் தாழ்நாக்கை நேயர்கள் ஒருமுறை உற்று நோக்குவார்களாக. அதன் ஒரு பக்கம் நேராகவும், மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். கதவு நிலையைத் தொடும்போது சாய்ந்த பக்கம் முதலில் முட்டுகின்றது. முட்டிய வேகத்தில் நாக்கு உள்ளே பின்வாங்குகின்றது. பின்னர் சுருள்வில்லின் விசையாலே வெளியே பாய்ந்து குழியிற் பொருந்துகின்றது. அந்தச் சாய்வு இல்லையாயின் கதவைச் சாத்தும்போதெல்லாம் நாக்கை விரலாலே உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். கை தவறினால் நிலையின் வண்ணப்பூச்சில் ஒரு கீறல் விழும்.

இவ்வாறு சாய்வு ஒன்று இல்லாமையால் நூறாண்டுக்கு மேலாகக் கீறல் வாங்கிக்கொண்டிருக்கும் பொருள் ஒன்று உலகிலே உண்டு. அது ஒரு கைத்துப்பாக்கி. வானொலியிலே துப்பாக்கிப் பேச்சு எதற்கு என்று சிலர் வியக்கலாம். வீட்டுக் கதவிலே கண்ட அதே கணக்கு அங்கே பிழைத்துப்போயிருக்கின்றது. அதனாலேயே அது பேசத்தக்கதாயிற்று.

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்திலே 1855 ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோன் மோசஸ் பிரவுணிங். துப்பாக்கி செய்யும் குடும்பத்திலே தோன்றி, தந்தையின் பட்டறையிலேயே தொழில் பயின்றவர். 1926 ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டின் லியேஜ் நகரிலே, ஆயுதத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோதே உயிர் நீத்தார். அவர் அமைத்த கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே அதற்குப் பெயராயிற்று. 1985 ஆம் ஆண்டு வேறொன்று தெரிவு செய்யப்படும்வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக அது விளங்கியது. இன்றும் பல நாடுகளிற் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர் அதனை விரும்புகின்றனர்.

அதன் இடப்பக்கத்தில் ஸ்லைட் ஸ்டொப் என்னும் சிறு தடுப்பு ஒன்று இருக்கின்றது. ஒரு தண்டும், அதனோடு சேர்ந்த ஒரு கையுமே அதன் உருவம். தண்டு துப்பாக்கியின் உடலை ஊடுருவிச் சென்று, குழலையும் மேலே நழுவும் பாகத்தையும் உடலோடு பிணைக்கின்றது. கடைசித் தோட்டா வெடித்தபின் மேற்பாகத்தைத் திறந்தபடியே நிறுத்திவைப்பது அக்கையின் வேலை. அந்தக் கை தளராதிருக்க, அதன் பின்னே ஒரு சிறு குழாயினுள் சுருள்வில்லும் முளையும் வைக்கப்பட்டுள்ளன. அதே வில்லின் மறுமுனையிலுள்ள வேறொரு முளை, காப்பு நெம்பை நிலைநிறுத்துகின்றது. ஒரு வில்லைக் கொண்டு இரண்டு வேலை வாங்கிய பிரவுணிங்கின் சிக்கனம் வியக்கத்தக்கது.

துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் பூட்டும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. தண்டு துளையிற் சென்றுவிடும். ஆனால் கையின் பின்முனை, நீட்டிக்கொண்டிருக்கும் முளையிலே வந்து முட்டி நின்றுவிடும். முளை பின்வாங்கினாலன்றிக் கை உள்ளே செல்லாது. பொறுமை இழந்தவர் கையைக் கீழிருந்து மேலாக அழுத்திச் சுழற்றுவார். அப்போது அதன் முனை துப்பாக்கியின் உடலை உராய்ந்துகொண்டு செல்லும். பளபளத்த உருக்கிலே பிறை போன்ற ஒரு கீறல் விழும். ஆங்கிலம் பேசுவோர் இதற்கு முட்டாளின் கீறல் என்று பெயரிட்டிருக்கின்றனர்.

இப்பெயர் நீதியானதன்று. தேர்ந்த கைகளும் ஒருநாள் தவறுகின்றன. நூறாண்டாக ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில், ஒரே வடிவிலே கீறல் இடுவார்களாயின், குறையைக் கையிலே தேடுவதா, இரும்பிலே தேடுவதா? 1920 களில் அமெரிக்கப் படை இத்துப்பாக்கியைத் திருத்தியபோது விசையைக் குறுக்கியது. கைப்பிடியின் பின்புறத்தை வளைத்தது. விரல் பொருந்த உடலிற் சற்றுக் குடைந்தும் விட்டது. இந்த முனையை மாத்திரம் தொடவில்லை. போர்க்களத்தில் இருப்பவனுக்குக் கீறல் ஒரு பொருட்டன்று என்பது காரணமாகலாம்.

ஆயினும் கீறல் அழகை மட்டும் கெடுப்பதன்று. உருக்கின் மேலுள்ள கருநீலப் பூச்சு மிக மெல்லியது. அது உரிந்த இடத்தில் வெறும் இரும்பு தெரியும். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் குடியிருப்போர்க்கு உப்புக் காற்றின் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சன்னற் கம்பியையே அரிக்கும் காற்று, பூச்சு உரிந்த உருக்கை விட்டுவைக்குமா?

இதற்குப் பரிகாரம் மிகச் சிறியது. தடுப்புக் கையின் பின்முனையில், உடலை நோக்கிய உட்புற விளிம்பிலே, முளை முதன்முதலாக முட்டும் இடத்தைக் கண்டு, அங்கே ஒரு சிறு சாய்வு வெட்டுவதே அது. அதன்பின் கையை முளையின் மட்டத்திலே பிடித்து நேராக உள்ளே அழுத்தினாற் போதும். முளையின் உருண்ட முனை சாய்விலே ஏறித் தானே பின்வாங்கும். கதவுத் தாழைப் போலவே ஒரு சிற்றொலியோடு கை தன் இடத்தில் அமரும். சுழற்றுதலும் இல்லை, உராய்தலும் இல்லை. இக்காலத்திற் சில உற்பத்தியாளர் இச்சாய்வைத் தாமே வெட்டி விற்கின்றனர்.

துப்பாக்கியின் உடலிலோ முளையிலோ அரம் படவே கூடாது. தடுப்பு மலிவான உறுப்பு. பிழைத்தால் வேறொன்று வாங்கிவிடலாம். உடல் பிழைத்தால் முழுத் துப்பாக்கியும் பிழைத்தது. விலை உயர்ந்ததைக் காக்க விலை குறைந்ததை வெட்டுவதே பட்டறை அறிவு.

வேலை செய்யும் முறையும் எளிதே. முதலில் தோட்டாக் கூட்டைக் கழற்றி, குழலின் அறை வெறுமையாயிருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தல் வேண்டும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்தல் இன்னும் நன்று. தடுப்பின் பின்முனைக்குச் சாயம் பூசிப் பொருத்திப் பார்த்தால், முளை உராய்ந்த இடத்திற் சாயம் அழிந்திருக்கும். குறியிட வேண்டிய இடம் அதுதான். பின்னர் தடுப்பைப் பிடிச்சிராவியில், தாடைகள் கடியாதவாறு செப்புத் தகடு வைத்து இறுக்கி, மெல்லிய உருண்டை அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தல் வேண்டும். உடனே கழற்றிப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். போதாதெனின் மீண்டும் ஓரிழுப்பு. நிறைவாக எண்ணெய்க்கல்லால் வழவழப்பாக்கி, ஒரு துளி எண்ணெய் இடல் வேண்டும்.

அவசரக்காரர் ஆழமாக வெட்டிவிடுவர். அதுவே அபாயம். தடுப்பு கீழே இருக்கும்போதும் மேலே எழுந்திருக்கும்போதும் முளை அழுந்தி நிற்கும் முகப்புகள் அதே முனையிலேதான் உள்ளன. அவற்றை அரம் தின்றுவிட்டால் முளையின் பிடி தளரும். சுடும்போது எழும் அதிர்ச்சியிலே தடுப்பு தானே மேலெழுந்து, தோட்டா மிச்சமிருக்கையிலேயே மேற்பாகத்தை நிறுத்திவிடக்கூடும். கீறலைத் தவிர்க்கப் போய்க் கருவியையே கெடுத்த கதையாகும்.

இலங்கையிலே சுடுகலன்களை வைத்திருத்தலும் பழுதுபார்த்தலும் 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆதலின் இங்கே உரிமம் பெற்ற ஒருவர் தம் துப்பாக்கியில் இத்திருத்தத்தை விரும்பினால், அதற்கென உரிமம் பெற்ற தொழிலாளியிடமே ஒப்படைத்தல் முறை. அவர் கையில் அது சில நிமிட வேலை.

வெட்ட விரும்பாதவர்க்கும் வழி உண்டு. கெட்டியான காகித அட்டை ஒன்றை உடலின் மேல் வைத்து மறைத்து, மெல்லிய மரக்குச்சியால் முளையைப் பின்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு, தடுப்பை நேராக அழுத்தலாம். இதற்கு இரண்டு கை போதாதுபோல் முதலில் தோன்றும். துப்பாக்கியை மேசையிலே விரித்த துணியின்மேற் படுக்கவைத்துக்கொண்டால் இரண்டு கையே போதும்.