ரேகை வைக்க மறுத்த ஊர்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்து, ரேகை விழாமல் திரும்பத் திரும்பத் துடைச்சு வைச்ச அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. களை எடுத்த கையில் ரேகை எங்கே தங்கும்? நாம் வைப்பது அரிசி வாங்க. நம்ம பாட்டன் காலத்தில் விரல் ரேகை கேட்டது வேறு எதுக்கோ. அதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று நினைத்தோம்.

வெள்ளைக்காரன் வரி என்றதும் நமக்குக் கட்டபொம்மன் ஞாபகம் வரும், 1930-ல் நடந்த உப்புச் சத்தியாகிரகம் ஞாபகம் வரும். அமெரிக்காவிலும் 1773-ல் தேயிலை வரிக்காகக் கிளம்பிய சண்டை, கடைசியில் இங்கிலாந்து ராஜாவே வேண்டாம் என்பதில் போய் நின்றது. ஆனால் வரி மட்டும் ஜனங்களை எழுப்பிவிடாது என்பது எங்கள் எண்ணம். காசையும் வாங்கிக்கொண்டு மனுஷராகவும் மதிக்காவிட்டால்தான் பொறுமை போகும்.

உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. 1895-ல் பெரியாறு அணை கட்டி, தண்ணீர் நம்ம கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மதுரை, மேலூர் பக்கம் போனது. அந்த மேட்டுக்கு அது ஏறவில்லை. நிலத்தீர்வையோ ரொக்கமாகக் கட்டணும். அங்கே வாழ்ந்த பிறமலைக் கள்ளர் மக்களுக்கு ஊர்க்காவலும் ஒரு பிழைப்பு. அந்தக் காவல் கூலியையும் வெள்ளைக்கார ஆட்சி ஒழிக்கப் பார்த்தது.

இதற்கு மேல் வந்தது குற்றப்பரம்பரைச் சட்டம், ஜனங்கள் சொல்லும் பெயரில் ரேகைச் சட்டம். 1871-ல் வடக்கே போட்டது, 1911-ல் நம்ம மாகாணத்துக்கும் வந்தது. இன்ன சாதியில் பிறந்தாலே குற்றவாளி. ரேகை பதியணும், வெளியூர் போக போலீஸிடம் சீட்டு வாங்கணும். ராத்திரியில் பலர் வீட்டில் படுக்க முடியாது, ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்கணும். புது மாப்பிள்ளைக்கும் அதே கதிதான் என்று பெரியவங்க சொல்வாங்க. ஆம்பளை இல்லாத வீட்டில் ராத்திரி பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் என்ன பாடு பட்டார்களோ, அதை எழுதி வைத்தவர்கள் குறைவு.

உசிலம்பட்டிக்குத் தெற்கே, சேடபட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ம் தேதி ரேகை எடுக்க போலீஸ் படை வந்தது. ஊர் சேர்ந்து நின்று, முடியாது என்றது. துப்பாக்கிச் சூடு நடந்தது. பஞ்சாப் ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அது நம்ம பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இது நம்மிலேயே பலருக்குத் தெரியாது.

செத்தவர்கள் 16 பேர். அதில் ஒரே ஒரு பெண், மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனார், அவரையும் கொன்றார்கள். கையில் ஆயுதம் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் ஓடுகிற புத்தி நம்ம எல்லோருக்கும் இருக்கிறதுதானே, அதுதான் அவரிடமும் இருந்தது. பிடிபட்டவர்களைச் சங்கிலியில் கோத்துத் திருமங்கலம் வரை நடத்தியே கொண்டு போனார்களாம்.

அன்றைக்கு ஊர் ஜெயித்ததா என்றால் இல்லை. சட்டம் அப்படியே இருந்தது. மதுரையில் இருந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். சட்டையில் ரோஜா குத்தியிருப்பாராம், அதனால் ஜனங்களுக்கு அவர் 'ரோசாப்பூ துரை'. முத்துராமலிங்கத் தேவரும் ஊர் ஊராகப் போய் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். 1947-ல்தான் நம்ம மாகாணத்தில் சட்டம் ரத்தானது. 27 வருஷம்! அதற்குள் எத்தனை பேர் சாவடித் திண்ணையிலேயே கிழவராகியிருப்பார்கள்.

ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது, ஏப்ரல் 3-ல் மரியாதை செலுத்துகிறார்கள். வருகிற ஏப்ரலில் நம்ம குழுக்களும் போகலாம் என்று பேசியிருக்கிறோம். தேனி, ஆண்டிபட்டி வழியாக உசிலம்பட்டி வரை பஸ் உண்டு. வர விரும்புகிறவர்கள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். சித்திரை வெயில் நெருங்கும் நேரம், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வாருங்கள்.