மட்டை ஏந்திய ஆசிரியர் ஆக்டேவியஸ் காட்டோ

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

‘கல்வியும் விளையாட்டும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துரைக்க உடற்கல்வி ஆசிரியர்கள் இங்கே இருக்கின்றனர். நானோ, எங்கள் ஊர்த் திடலில் முட்புதருக்குள் விழுந்த பந்தை எடுத்துக் கொடுக்கும் வேலை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், மட்டை பிடிக்கும் வேலை பிறர்க்கும் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவன். ஆகவே, அத்தகைய கோட்டை வேறொரு நாட்டில், வேறோர் ஆட்டத்தில் எதிர்கொண்ட ஓர் ஆசிரியரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆக்டேவியஸ் காட்டோ 1839ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்பகுதியில், சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். அடிமை முறை கோலோச்சிய மண் அது. எனினும் அவருடையது அடிமைத்தளை இல்லாத கறுப்பினக் குடும்பம். தந்தையார் கிறித்தவப் போதகர். குடும்பம் வடக்கே பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கறுப்பின இளைஞர்க்கென ஒரு வள்ளலின் கொடையால் எழுந்த கல்விக்கூடத்தில் பயின்று, 1858இல் முதல் மாணவராகத் தேறினார். மறு ஆண்டே அங்கேயே ஆசிரியராக அமர்ந்து, கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தார்.

உள்நாட்டுப் போரின்போது, 1863இல், தம் மாணவர்களோடு படையில் சேர ஹாரிஸ்பர்க் நகருக்குச் சென்றார். நிறத்தின் பொருட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். இந்த ஊரின் பெயரை நினைவில் வையுங்கள்.

பேஸ்பால் ஆட்டத்தை நம்மவர் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். உருண்டைக் கட்டையால் பந்தை அடித்து, நான்கு முனைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். பக்கத்திற்கு ஒன்பது பேர். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். அந்நாளில் ஊதியம் பெற்று ஆடுவது விதிக்குப் புறம்பானது. பள்ளி முடிந்து மாலையில் ஆடும் ஆசிரியரும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவராக விளங்க இயலும். காட்டோ ‘பித்தியன்’ என்னும் கறுப்பினக் கழகத்தின் அணித்தலைவர். அதன் செயலாளர் ஜேக்கப் ஒயிட்டும் ஆசிரியரே, தலைமையாசிரியராகவும் விளங்கியவர்.

1867 மார்ச்சில், டிராம் வண்டிகளில் நிறவேற்றுமை கூடாதென்று பென்சில்வேனியா மாநிலம் சட்டம் இயற்றியது. அதற்குப் போராடியவர்களுள் காட்டோ முன்னணியில் நின்றார். அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த ஆசிரியை கரோலின் லெக்கவுன்ட், சட்டம் வந்த சில நாட்களிலேயே தம்மை ஏற்ற மறுத்த வண்டிக்காரருக்கு 100 டாலர் தண்டம் விதிக்கச் செய்தார்.

வண்டி திறந்தது, ஆடுகளம் திறக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் மாநிலப் பேஸ்பால் சங்கம் கூடியது. எங்கே தெரியுமா? அதே ஹாரிஸ்பர்க்கில். பித்தியன் கழகம் ரேமண்ட் பர் என்பவரைப் பேராளராக அனுப்பிச் சேர்க்கை கோரியது. வந்திருந்த வெள்ளையர் சிலர் அவரிடம் இன்முகத்தோடுதான் பேசினர். வாக்கெடுத்தால் தோற்பீர்கள், அந்த அவமானம் எதற்கு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறினர். வேறு வழியின்றி அவரும் திரும்பப் பெற்றார். அன்று மாலை ஆட்டம் காண வருமாறும் அவரை அழைத்தார்களாம்! பார்வையாளராக வரத் தடையில்லை. பூனாவில் பல்வங்கர் பாலுவின் பந்துவீச்சை வேண்டியவர்கள், தேநீரை மட்டும் அவருக்குப் புறத்தே தனிக்குவளையில் தந்ததை நீங்கள் அறிவீர்கள்.

டிசம்பரில் தேசியச் சங்கம் பிலடெல்பியாவிலேயே கூடி, கறுப்பினத்தார் உள்ள எந்தக் கழகத்தையும் சேர்ப்பதில்லை என முடிவு செய்தது. அதற்குக் காட்டப்பட்ட காரணத்தை இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். சேர்த்தால் சங்கத்தில் பிளவு உண்டாகலாம்; விலக்கினால் எவருக்கும் ஊறு நேராது என்பதே அக்காரணத்தின் சாரம். எவருக்கும்! முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு இலக்கணம் கற்பிக்கிறேன். ‘எவரும்’ என்னும் சொல்லிலிருந்து ஓர் இனத்தையே நீக்கலாம் என்று எந்த நூற்பாவும் எனக்குச் சொன்னதில்லை. வசைச்சொல்லைக் காட்டிலும் இந்தப் பணிவான வாசகத்தையே நான் அஞ்சுகிறேன். நம் விண்ணப்பங்களுக்கு வரும் விடைகளிலும் இதன் உறவினர்களைக் கண்டிருக்கிறேன்.

காட்டோ ஆட்டத்தை விட்டாரா? இல்லை. 1869 செப்டம்பரில் ஒலிம்பிக் என்னும் வெள்ளையர் கழகத்தோடு மோதினார். 44க்கு 23 என்னும் கணக்கில் பித்தியன் தோற்றது. சில வாரங்களில் மற்றொரு வெள்ளையர் அணியை 27க்கு 17 என வென்றது.

1870இல் கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமை உறுதியாயிற்று. 1871 அக்டோபர் 10, தேர்தல் நாள். வாக்களிப்போரைத் தடுக்க நகரில் கலகம் மூண்டது. பள்ளியை விடுத்து வீடு திரும்பிய காட்டோ, தம் இல்லத்தருகே நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 32. குற்றஞ்சாட்டப்பட்டவர் 1877இல் விடுதலையானார். அணித்தலைவரை இழந்த கழகம் நெடுநாள் நீடிக்கவில்லை. அவருடைய சிலை பிலடெல்பியா நகர மன்றத்தின் அருகே எழுந்தது 2017 செப்டம்பரில். அதாவது, 146 ஆண்டுகள் கழித்து.

இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரிந்தது என்று கேட்பீர்கள். பித்தியன் கழகத்தின் கடிதங்களும் ஓட்டக் கணக்கேடுகளும் இன்றும் பிலடெல்பியாவின் வரலாற்றுக் கழகத்தில் உள்ளன. ஹாரிஸ்பர்க்கில் நடந்ததை அறிக்கையாக எழுதி ஒப்படைத்திருந்தார் பர். ஒரு தாளையும் வீசாமல் காத்தார் செயலாளர் ஒயிட். நம் கழகத்தின் 25 ஆண்டு நிகழ்ச்சிக் குறிப்பேடுகளுள் இரண்டைக் காணவில்லை என்று நேற்று செயலாளர் வருந்தினார். எவர் வீட்டுப் பரணிலேனும் இருந்தால், விழா முடிவதற்குள் கொண்டு வந்து சேர்க்குமாறு வேண்டி அமைகிறேன்.