துருக்கியர் திருநாளில் ஒரு விருந்து
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் ரமலான் பெருநாளுக்கு விருந்தினனாக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது. ஒரு மாத நோன்பின் முடிவில் வரும் இத்திருநாளைத் துருக்கியர் 'பைராம்' என்பர். மூன்று நாள் கொண்டாடுவர். முதல் நாட் காலையில் ஆடவர் பள்ளிவாசலில் தொழுது மீள்வர். பின்னர் இளையோர் மூத்தோரின் கரத்தை முத்தமிட்டுத் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்வர். நாம் பெரியோர் தாள் தொட்டு வணங்குவதை அது நினைவூட்டிற்று. சிறுவர்க்கு இனிப்பும் காசும் உண்டு. வருவோர் கையில் எலுமிச்சை மணங்கமழும் நறுநீர் வார்த்து, பக்லாவா என்னும் இனிப்புப் பணியாரம் அளித்து உபசரிக்கின்றனர்.

பிணங்கியோர் பைராமன்று இணங்க வேண்டுமென்பது அந்நாட்டு வழக்கம். என் நண்பரின் தந்தையாரும் அவர்தம் இளவலும் நிலப் பிரிவினையால் வழக்காடி, ஈராண்டு முகம் பாராதிருந்தவர். அன்று பிற்பகலில் இளையவர் தாமே வந்தார். தமையனார் கரத்தை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றினார். மூத்தவர் அவரைத் தழுவிக்கொண்டார். நிலத்தைப் பற்றி எவரும் வாய் திறந்திலர். வழக்குத் தீர்ந்த பின்னரே உறவு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அயலானாகிய என்னையும் விலக்காது அருகிருத்தி, இருவரும் ஒரே தட்டினின்று இனிப்பெடுத்து நீட்டினர்.

அன்பர்களே! வரப்புக்காகவும் வீட்டுச் சுவருக்காகவும் நியாயஸ்தலம் ஏறிய உடன்பிறந்தார் நம் குலத்திலும் உளர். நியாயம் அங்கே நடக்கட்டும். வரும் பொங்கலன்று தம்பி தமையன் வீட்டுப் படி ஏறட்டும். தமையன் கதவைத் திறந்து வைத்திருக்கட்டும். சங்கம் செய்யும் சமரசம் அதன் பின்னரே பயன் தரும்.